பகல் 11 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறேன். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் திட்டம் தொடங்கியது; அதற்குச் சில மாதம் கழித்து எங்கள் மகளிர் குழுவிலிருந்து நான் சேர்ந்தேன். பிரஷர் மெஷின், சுகர் மெஷின், ஒரு நோட்டு. என் பையில் இருப்பது இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நோட்டைப் புரட்டினால் பிரஷர் 140-க்கு 90-ஐத் தாண்டியவர்கள் எல்லோருமே தாத்தா பாட்டிகள். நம்மூரில் நடுவயதுக்காரர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நானும் நம்பிவிட்டேன். கிராம சுகாதார செவிலியர் அக்காதான் கேட்டார், "நீ எத்தனை மணிக்கும்மா போற?"

நான் போவது பகல் 11 மணிக்கு. அந்நேரம் ஆண்கள் கட்டட வேலையில், பெண்கள் நூறு நாள் வேலையில். அப்படியென்றால் இத்தனை நாளும் திண்ணையில் இருந்தவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்!

மறுநாள் சாப்பாட்டு நேரம் பார்த்து, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே போனேன். மண் சுமந்து வந்த கையோடு பட்டையைக் கட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். அதனால் ஒவ்வொருவரையும் புளியமரத்தடியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, அப்புறம் பார்த்தேன். 38 வயது அக்கா ஒருவருக்கு 170-க்கு 104. கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தேன், 168. "தலைவலி அடிக்கடி வரும், தைலம் தேய்ச்சுக்குவேன்" என்றார். அன்று சாயங்காலமே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால், அவர் வீட்டு எண்ணுக்கு நேரே மூன்று மாதமும் என் கையெழுத்தில் 'பூட்டு' என்று இருக்கிறது. வயிற்றைப் பிசைந்தது. இப்போதெல்லாம் பூட்டு என்று எழுதினால், அவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதில்:

அக்கா, இதைப் படித்ததும் எங்கள் ஊரில் கோலப்பொடியால் படம் வரைந்தது நினைவுக்கு வந்தது. ஊரின் சுகாதாரத் தேவையைத் தெரிந்துகொள்ள ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்திருந்தார்கள். கோயில் வாசலில் தெருக்களையும் வீடுகளையும் பெண்களே போட்டோம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூ, கவனிக்க ஆளில்லாதவர் வீட்டில் புளியங்கொட்டை வைக்கச் சொன்னார்கள். நாங்கள் பேசிப் பேசி நான்கு வீடுகளில் கொட்டை வைத்து முடித்தோம்.

அப்போது ஓரமாக நின்றிருந்த ஒரு பாட்டி மெதுவாகக் குனிந்து, தன் வீட்டில் தானே ஒரு கொட்டையை வைத்தார். ரேஷன் கார்டில் அந்த வீட்டுக்கு நான்கு பேர். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் திருப்பூரில். பொங்கலுக்கு வருவார்கள். நான் இருப்பது அவருக்கு அடுத்த வீடு, எனக்கே தோன்றவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை.

அன்றிலிருந்து சுகர் மாத்திரை வாங்கப் போகும்போது அவர் சீட்டையும் நான்தான் எடுத்துப் போகிறேன்.