டன்சியாட்: அங்கதமா, பழிதீர்ப்பா?

நூலகவாசி:
ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 'டன்சியாட்' (1728) என்ற கேலிக் காவியத்தை ஆங்கில அங்கதத்தின் சிகரம் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 1725இல் போப் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்தார். அதிலுள்ள பிழைகளை மறு வருடமே லூயிஸ் திபால்ட் தனிப் புத்தகமாகப் போட்டுக் காட்டினார். அடுத்த இரண்டே வருடத்தில் 'டன்சியாட்' வந்தது, அதில் மந்தபுத்திக்காரர்களின் அரசன் திபால்ட். குறை சொன்னவரை மடையனாக்கினால் குறை இல்லையென்று ஆகிவிடுமா?

ஈரடிப்பிரியன்:
கோபத்தில் பிறந்த கவிதைதான், சரி. ஆனால் கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது, கவிதை சிலருக்கே வருகிறது. போப்புக்கு முன்னால் இருந்த கவிஞர் டிரைடனைப் பாருங்கள். அவருடைய 'மாக் ஃபிளெக்னோ' என்ற அங்கதக் கவிதையில் சக எழுத்தாளர் ஷாட்வெல்லுக்கு முட்டாள்தனத்தின் மகுடாபிஷேகம். இடது கையில் அரச கோளம் இருக்க வேண்டிய இடத்தில் பீர்க் குவளை! மற்ற கவிஞர்கள் ஏதோ கொஞ்சம் அர்த்தம் இருப்பதுபோலக் காட்டிக்கொள்கிறார்களாம், ஷாட்வெல் மட்டும் தப்பித்தவறிக்கூட அர்த்தத்தின் பக்கம் போகமாட்டாராம். இதை இரண்டே அடியில், எதுகைத் துல்லியத்தோடு சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நூலகவாசி:
அந்த ஷாட்வெல் நல்ல நாடகக்காரர். 1688இல் அவருடைய 'அல்சேஷியாவின் ஸ்கொயர்' லண்டனில் வெற்றிகரமாக ஓடியது. ஆட்சி மாறியதும் டிரைடனிடமிருந்து போன அரசவைக் கவி பதவி அவருக்கே கிடைத்தது. இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்தக் குவளைதான். சாமர்த்தியமான பொய்க்கு ஆயுள் அதிகம் என்பதால் அது நியாயமாகிவிடாது.

திபால்ட் விஷயம் இன்னும் மோசம். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற கிழவர் செத்ததை விடுதிக்காரி சொல்லும் இடத்தில், 1623 பதிப்பில் 'பச்சை வயல்களின் மேசை' என்று பொருளில்லாத ஒரு தொடர். கிரீன்ஃபீல்ட் (பச்சை வயல்) என்பது அரங்கப் பொருட்களைக் கொண்டுவரும் ஆளின் பெயர், மேடைக் குறிப்பு தவறி உள்ளே வந்துவிட்டது என்று போப் அதைத் தூக்கிவிட்டார். திபால்ட் மேசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓரிரு எழுத்தைத் திருத்தி, 'பச்சை வயல்களைப் பற்றிப் பிதற்றினான்' என்று படித்தார். சாகப்போகிற கிழவன் வயல்களைப் பற்றி உளறுகிறான்! இன்றும் பெரும்பாலான பதிப்புகளில் இருப்பது இந்தப் பாடம்தான். இவரா மந்தபுத்தி?

ஈரடிப்பிரியன்:
அந்தத் திருத்தம் அற்புதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் 1743 பதிப்பில் போப் திபால்ட்டை இறக்கிவிட்டு, அரசவைக் கவி கோலி சிப்பரை அரியணையில் ஏற்றினார். ஆள் மாறியும் காவியம் நிற்கிறது என்றால், அவருடைய இலக்கு தனி ஆள் இல்லை. காசுக்கு அச்சாகும் குப்பைதான் இலக்கு. நான்காம் காண்டத்தின் முடிவில் அறிவியலும் கலையும் ஒவ்வொன்றாக அணைந்து இருள் மூடுகிறதே, அது வெறும் வன்மத்தில் வருமா?

நூலகவாசி:
நான் அதையே வேறு மாதிரிப் பார்க்கிறேன். முதல் நாள் சிப்பர் மாட்டவில்லை, 1742இல் போப்பைக் கேலி செய்து கடிதம் அச்சிட்ட பிறகுதான் மாட்டினார். யார் சீண்டினாரோ அவர் தலையில் மகுடம்.

வழிப்போக்கி:
நடுவில் ஒன்று சொல்கிறேன். போப்பை 1711இலேயே ஜான் டென்னிஸ் கூனல் தேரை என்று அச்சில் திட்டினார். முதுகெலும்பு நோயோடு வாழ்ந்தவரை அப்படிச் சொன்ன ஊர் அது. போப்பின் கை மட்டும் கறைபட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் காண்டத்தில், பதிப்பாளர்கள் சிறுநீர் கழிப்பதில் போட்டி போட, எலைஸா ஹேவுட் என்ற நாவலாசிரியையைப் பரிசாக வைக்கிறாரே, அதை எந்தக் கவித்திறனும் எனக்கு ஜீரணிக்க வைக்காது.

ஈரடிப்பிரியன்:
அந்த இடத்துக்கு நானும் வாதாட மாட்டேன். நான்காம் காண்டத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.