தீபாவளிச் சரக்குக்குக் கடன்: ஸ்புமியா, இக்தியாரா?

வணக்கம் அக்கா, அண்ணன் எல்லாருக்கும். நிபோங் திபாலில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். பஞ்சாபி சூட், ஜிப்பா, பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை, அவ்வளவுதான். எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. இந்தத் தீபாவளிக்கு 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) சரக்கு இறக்க ஆசை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில்தான் மொத்தமாக எடுப்பேன். ஆகஸ்டிலேயே ரொக்கத்தோடு போனால்தான் நல்ல ரகம். பிந்தினால் மற்றவர்கள் கழித்த கலர்தான் மிஞ்சும்.

சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்புமி, நம் இந்தியர்களுக்கென்றே உள்ள கடன் திட்டம். அமானா இக்தியார் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கிறது, பங்களாதேஷ் கிராமின் வங்கி மாதிரி. வாரா வாரம் கட்ட வேண்டும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. எனக்குக் காசு புரள்வதே தீபாவளிக்கு முந்தின ஐந்தாறு வாரம். அதுவரை எதை எடுத்துக் கட்டுவது?

இன்னொன்று, என் கணக்கெல்லாம் 555 புத்தகத்தில், அதுதான் கடன் பாக்கி எழுதும் அந்தச் சின்ன நோட்டு. "மூனாவது வீட்டு அக்கா, ஊதா சூட் 85, பாக்கி 40" இப்படித்தான் இருக்கும். கியூஆர் காசோ வீட்டுக்காரர் கணக்கில் விழுகிறது (திட்டாதீர்கள், இப்போதுதான் உறைக்கிறது). என் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தால் கடை நடப்பதாகவே தெரியாது.

ஸ்புமி எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: 555 புத்தகத்தை ஏற்றுக்கொண்டார்களா? இப்போதே கடைப் பெயரில் கணக்கு திறந்தால், எத்தனை மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள்? இக்தியாரில் சீசன் வியாபாரம் செய்யும் அக்காமார்கள் வாரத் தவணையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செபராங் பிறை பக்கம் இருந்தால் நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறேன்.