மொரிஸ் மைனர் 1000: மாற்று வோட்டர் பம்ப் புல்லி நேருக்கு வரவில்லை

வணக்கம். கிளிநொச்சியில் ஓடும் எனது 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 (948 சி.சி. எஞ்சின்) காரின் பழைய வோட்டர் பம்ப் புல்லி (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பைச் சுழற்றும் பெல்ட் சக்கரம்) விளிம்பில் வெடித்துவிட்டதால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த புல்லி ஒன்றை வாங்கி, சென்ற மாதம் பூட்டினேன். நான்கு போல்ட் துளைகளும் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் பெல்ட் ஓடும் பள்ளம், எஞ்சினின் பிரதான தண்டிலுள்ள கிராங்க் புல்லிக்கும், மின்சாரம் தரும் டைனமோவின் புல்லிக்கும் நேராக இல்லாமல், ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் ரேடியேற்றர் பக்கம் தள்ளி நிற்கிறது.

எஞ்சினை முடுக்கியதும் பெல்ட் கீச்சிடுகிறது. பரந்தன் வரை ஓடித் திரும்பினாலே அதன் ஒரு விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து, டைனமோவின் மேல் கறுப்புத் தூள் படிந்துவிடுகிறது.

பெல்ட்டைப் புதிதாக மாற்றி, டைனமோவை நகர்த்தி இழுவையைச் சரிசெய்தும் பயனில்லை. பம்ப் தண்டில் ஆட்டமோ கசிவோ கிடையாது. பழைய புல்லி இதே பம்பில் நேராகவே ஓடியது. புல்லிக்குப் பின்னால் வாசர் வைக்கும்படி பலர் சொன்னாலும், அது புல்லியை இன்னும் முன்னுக்குத்தானே தள்ளும்? கடைச்சல் பட்டறையிலோ, தகட்டை அழுத்திச் செய்த இந்தப் புல்லியின் முகத்தை 4 மில்லிமீற்றர் கடைந்தால் மிஞ்ச எதுவும் இராது என்கிறார்கள், அது நியாயமே.

புல்லி பூட்டப்படும் பம்பின் ஹப்பை அழுத்து பொறியில் வைத்துத் தண்டில் அந்த 4 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால், அது பம்ப் உடலில் முட்டாமல் சுழல இடமிருக்குமா?