ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தலாமா?

பைபாஸ் பயணி:
வேலைக்காகத் தினமும் திண்டிவனம் – விழுப்புரம் பைக்கில் போய் வருகிறேன். போன வாரம் சாயங்காலம் விக்கிரவாண்டி டோலுக்கு முன்னால் ஒரு மொபெட் சென்டர் மீடியனில் மோதிக் கிடந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பின்னால் கட்டி வந்த கீரைக்கட்டு ரோடெல்லாம் சிதறிக் கிடக்கிறது. சுற்றி நல்ல கூட்டம். "108-க்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைசியில் நான்தான் போன் அடித்தேன். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டில் சொன்னதும் மனைவிக்கு ஒரே கோபம். என் மாமனார் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவரைத் தன் காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "இடிச்சது நீதானே?" என்று ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் சாட்சி சம்மன் வேறு. அந்த வீட்டில் இன்றைக்கும் யாரும் விபத்து நடந்த இடத்தில் வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

இப்போதும் நிலைமை அதுதானா? தவிர, மருத்துவம் தெரியாத நான் நின்று என்ன பிரயோஜனம்?

லோடு மேன்:
சட்டம் ஆயிரம் சொல்லும் அண்ணே. ஸ்பாட்டில் இருக்கிற கூட்டம் சட்டம் படித்துவிட்டு வராது. நான் டிரைவர் வேலை பார்க்கிறவன். அடிபட்டவன் பக்கத்தில் லாரி நின்றால் லாரிதான் இடித்தது, கார் நின்றால் கார்தான் இடித்தது. யாரும் பம்பரைக் குனிந்து பார்க்க மாட்டான், முதலில் கண்ணாடிக்குத்தான் கல் வரும். நான் தாண்டிப்போய் டீக்கடை பக்கம் ஓரங்கட்டி போன் போடுவேன். இறங்க மாட்டேன். தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

கோர்ட் குமாஸ்தா:
மாமனார் பட்ட பாடு நிஜம்தான். அதற்காகத்தான் சட்டமே வந்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான விதிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவப் போய், ஏதோ தவறிப்போய் அந்த ஆளுக்குக் காயம் கூடினாலும் இறந்தே போனாலும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி, போன் நம்பர் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் உங்களிடம் பணம் கேட்கவோ, பிடித்து வைக்கவோ கூடாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால், நீங்கள் சொல்கிற இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது "கொண்டு வந்தது யார்?" என்று கேட்பார்கள். "பெயர் சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லலாம். முறைக்கிற ஆள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார், அதை மறைப்பானேன். 134ஏ என்று நம்பரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தோரணை மாறும்.

மாஜி டெக்னீஷியன்:
நான் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ டெக்னீஷியனாக இருந்தவள். உளுந்தூர்பேட்டை பக்கம்தான் எங்கள் வண்டி நிற்கும். இப்போது ஒரு காலேஜில் முதலுதவி அறையில் வேலை, தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

தம்பி, நீங்கள் செய்தது சரி. ஆனால் இங்கே எல்லோரும் நிற்கலாமா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். நம் ஊரில் பகலில் கூட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. நாங்கள் போய் இறங்கும்போது அடிபட்டவர் தெரியவே மாட்டார், முதுகுகள்தான் தெரியும். ஆனால் எல்லோரும் யாரோ போன் பண்ணியிருப்பார் என்று நின்றிருப்பார்கள். அதனால் "நான் 108-க்குப் பேசுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். மாவட்டம், தாலுகா, அடையாளம் என்று வரிசையாகக் கேட்பார்கள், எரிச்சல்பட வேண்டாம். பைபாஸில் "டோல் தாண்டி ஒரு பாலம்" என்றால் எங்கள் பைலட் (ஆம்புலன்ஸ் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) எந்தப் பாலத்தைத் தேடுவார்? கிலோமீட்டர் கல்லில் இருக்கிற நம்பரைச் சொல்லுங்கள். சென்னை போகிற பக்கமா, திருச்சி போகிற பக்கமா என்றும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் அடுத்த யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும்.

கூட்டம் செய்கிற வைத்தியத்தைத் தடுப்பதே பெரிய உதவி. முதலில் சோடா. நினைவில்லாத ஆள் வாயில் ஊற்றினால் அது நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். நினைவு இருந்தாலும் வேண்டாம், ஆபரேஷன் தேவைப்பட்டால் சிக்கல். அடுத்தது, கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் அதோடு கை கால் போய்விடும். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிறவரையும் தடுங்கள். மூச்சு விடுகிறார் என்றால் அது தலையிலேயே இருக்கட்டும். (வலிப்புக்குச் சாவிக்கொத்து கொடுக்கிற கோஷ்டியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) வாந்தி எடுத்தாலோ, தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வந்தாலோ மட்டும் நாலு பேராகச் சேர்ந்து தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புகிற மாதிரி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ரத்தம் கொட்டுகிறதா? தோளில் இருக்கிற துண்டு போதும். மடித்து, காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் உங்கள் உடம்பு பாரத்தையே கொடுத்து அழுத்துங்கள். "நின்னுடுச்சா?" என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துண்டு நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். ஒரு தடவை ஒரு பஸ் கண்டக்டர், தோளில் பணப்பை தொங்க, ஒரு பையனின் தொடையை அப்படியே அழுத்திப் பிடித்து மண்டி போட்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், உள்ளே பயணிகள் சத்தம் போடுகிறார்கள். நாங்கள் போய் "விடுங்கண்ணா, நாங்க பாத்துக்கிறோம்" என்றால் விடவே பயப்படுகிறார். அந்தப் பையன் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் எங்களோடு பேசிக்கொண்டு வந்தான். அந்தக் கண்டக்டர் எந்த மருத்துவம் படித்தார்?

லோடு மேன் அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. வண்டி வருகிறது என்று உறுதியானால் அசைக்காமல் காத்திருப்பதுதான் நல்லது. வேறு வழியே இல்லாமல் ஏற்றினால், அந்த இடத்து ஆள் ஒருவரையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்காகப் பேச அவர் இருப்பார். லாரிக்காரர் கையில் இருக்கிற பெரிய உதவியே வேறு. பின்னால் தள்ளி நிறுத்தி, நாலு லைட்டையும் போட்டு, வருகிற வண்டியை ஒதுக்கி விடுங்கள். வேடிக்கை பார்க்க நின்றவரை அடுத்த வண்டி இடித்து, ஒரே இடத்தில் இரண்டு பேரை ஏற்றிய கதையெல்லாம் எங்களுக்கு உண்டு.

பணத்துக்குப் பயந்து பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தூரம் போக வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. பட்டியலில் தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. வெளிமாநில ஆளாக இருந்தாலும் பார்ப்பார்கள்.

லோடு மேன்:
அக்கா, லைட் போட்டு ஒதுக்கி விடுறது ஓகே. அது என்னால் முடியும். கீழே இறங்குறது பற்றி இன்னும் யோசனைதான்.

நர்சிங் மாணவி:
ஒரு சந்தேகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டியில் தனியாக வருகிறேன். யாராவது கிடந்தால் நானும் நிற்க வேண்டுமா? அடிபட்ட மாதிரி படுத்து ஏமாற்றி நகை பறிப்பார்கள் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

மாஜி டெக்னீஷியன்:
தனியாக இறங்காதே அம்மா. வேகத்தைக் குறைத்து, கல்லில் நம்பரைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இரு. வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்தில், பங்க்கோ டோலோ, நிறுத்தி 108-க்குச் சொல். நேஷனல் ஹைவே என்றால் 1033-க்கும் சொல்லலாம், அவர்களுக்கும் ஆம்புலன்ஸ் இருக்கிறது. டோலில் இருக்கிற ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அங்கே போய்ப் பார்ப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பைபாஸ் பயணி:
நன்றி அக்கா. குமாஸ்தா சார் எழுதியதை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப எங்கடா இருந்துச்சு இந்தச் சட்டம்?" என்று கேட்டார். இன்னொன்று: அந்தக் கீரைக்காரரின் செல்போனையும் சுருக்குப் பையையும் நான்தான் எடுத்து ஆம்புலன்ஸில் கொடுத்தேன். அது சரிதானே?

மாஜி டெக்னீஷியன்:
சரிதான். எங்களிடம் கொடுத்தால் என்னென்ன, எவ்வளவு என்று எழுதி வைத்து, வீட்டு ஆள் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். அடுத்த தடவை பணத்தைக் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாக எண்ணியே கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் நல்லது, வண்டியில் வருகிறவர்களுக்கும் நல்லது. போனை மட்டும் அணைக்க வேண்டாம். வீட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்.