இரண்டாம் எண்ணுக்கும் வேலை உண்டு

யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஜனாதிபதித் தேர்தல்களில் நான் இட்டது எப்போதும் ஒரே ஒரு புள்ளடிதான் (X குறி). 1, 2, 3 என எண்ணிட்டு மூவருக்கு விருப்புத் தெரிவிக்கலாம் என்பதை அறிந்திருந்தும், 1982ஆம் ஆண்டின் முதல் தேர்தல் தொட்டு வென்றவர் எவரும் பாதிக்கு மேல் வாக்குகளை முதல் எண்ணிக்கையிலேயே பெற்றுவிட்டதால், மற்ற எண்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அந்தப் பழக்கத்துடனேயே 2022 மே 21 அன்று மெல்பேர்னில் முதன்முறையாக வாக்களித்தேன். பிரதிநிதிகள் சபைக்கான பச்சைச் சீட்டில் எட்டுப் பெயர்கள் இருந்தன. பென்சிலால் ஒருவருக்குப் புள்ளடி இட்டு மடிக்கும்போதுதான், எல்லாக் கட்டங்களையும் எண்களால் நிரப்ப வேண்டும் என்ற அறிவுறுத்தல் கண்ணில் பட்டது. அலுவலரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பழுதான சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு புதியதைத் தந்தார். எனக்குப் பிடித்தவரை முதலில் குறிக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது. அறவே பிடிக்காத இருவரில் எவரை ஏழாவதாகவும் எவரை எட்டாவதாகவும் இடுவது என்பதற்கே நெடுநேரம் பிடித்தது.

அந்த எண்கள் வெறும் அலங்காரம் அல்ல. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பின்படி பிரித்து, ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இதையே தொடர்கிறார்கள். அவ்வாண்டு கூயோங் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் முன்னிலையில் நின்ற அன்றைய நிதியமைச்சர் ஜோஷ் ஃபிரைடன்பர்க், விருப்புகள் சேர்ந்தபின் சுயேச்சை வேட்பாளர் மொனிக் ரையனிடம் தோற்றார்.

பதில்:

மேலே எழுதிய அக்கா விட்டுவந்த அந்த இரண்டாம் எண்ணை, 2024 செப்டம்பரில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்கெண்ணும் கடமையில் இருந்த நாங்கள் முதன்முறையாகத் தேட வேண்டியதாயிற்று. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்று, எவரும் பாதியைத் தாண்டாததால், இங்கே ஒவ்வொருவராக நீக்காமல், இவ்விருவரைத் தவிர்த்த அனைவரையும் ஒரேயடியாக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் இவ்விருவருக்கும் அளிக்கப்பட்ட விருப்புகளை மட்டும் எண்ணுவதே சட்டம். இரவு முழுவதும் விழித்திருந்த நாங்கள் மீண்டும் சீட்டுகளை விரித்தோம். நாடு முழுவதிலும் அவ்வாறு பார்க்கப்பட்ட 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளிலிருந்து திசாநாயக்கவுக்கு 1,05,264 விருப்புகளும் பிரேமதாசவுக்கு 1,67,867 விருப்புகளுமே சேர்ந்தன; அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு சீட்டுகளுக்கு ஒன்று. என் மேசையில் ஒற்றைப் புள்ளடியுடன் வந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கியபோது எவரையும் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் தபால் மூலம் நான் அளித்த வாக்கிலும் ஒரு புள்ளடி மட்டுமே இருந்தது.