அம்மாவுக்கு அனியூரிசம் என்றால் பிள்ளைகளும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேப்பமரம்: போன ஆவணியில் "மண்டை பிளக்குதுடா" என்று உட்கார்ந்த அம்மா மூன்றாம் நாள் போய்விட்டார். மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் (அதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள்) வெடித்துவிட்டதாம். பிள்ளைகள் மூன்று பேரும் எம்.ஆர்.ஏ. (காந்தத்தால் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும்) ஸ்கேன் எடுத்துவிடலாம் என்கிறேன், அண்ணன் வேண்டாம் என்கிறார். கதிர்வீச்சு கிடையாது, சும்மா படுத்திருந்தால் போதும், இதில் தயங்க என்ன இருக்கிறது?

கணக்கன்: உங்கள் அண்ணன் சொல்வதே சரி. நெதர்லாந்தில் இதைச் செய்தே பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வெடித்திருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என 626 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 25 பேருக்கு வீக்கம் இருந்தது, 18 பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள், அதில் 11 பேர் முன்பு இருந்ததைவிட மோசமானார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! பெரும்பாலான சின்ன வீக்கங்கள் வெடிப்பதே இல்லை.

வேப்பமரம்: அந்த 11 பேரில் முடங்கிப்போனது ஒருவர்தான், அதையும் சொல்லுங்கள். அது மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட்டு அடைத்த காலம். இப்போது தொடை வழியாகக் குழாய் விட்டே வீக்கத்துக்குள் காயில் (மெல்லிய கம்பிச்சுருள்) வைத்து அடைக்கிறார்கள். வெடித்துவிட்டால் மூன்றில் ஒருவராவது பிழைப்பதில்லையே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கணக்கன்: காயிலிலும் பக்கவாத ஆபத்து உண்டு. சின்னதாக ஒன்று இருக்கிறது, தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஒவ்வொரு தலைவலிக்கும் பயந்தே வாழ வேண்டியதுதான்.

ஈரோட்டு அக்கா: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் கதையே வேறு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 458 பேரைப் பார்த்ததில் முதல் ஸ்கேனிலேயே 51 பேருக்கு இருந்தது, அப்போது ஒன்றுமில்லை என்று வந்தவர்களில் சிலருக்கும் சில வருடம் கழித்துப் புதிதாக வந்தது. அதனால் ஒருமுறை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலும் எடுக்கச் சொல்வார்கள். தம்பி, அம்மா வழியில் வேறு யாராவது இப்படித் திடீரென்று இறந்தார்களா?

வேப்பமரம்: ஆமாம் அக்கா, பெரியம்மா, 48 வயதில். குளியலறையில் விழுந்தார், மாரடைப்பு என்றார்கள். விழும் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாராம்.

கணக்கன்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பெரியம்மாவுக்கும் இதே வெடிப்புதான் என்று உறுதியானால் நான் எதிர்க்க மாட்டேன், நரம்பியல் டாக்டரிடம் மூவரும் போங்கள். அதுவரை சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பிரஷரைப் பாருங்கள்.

வேப்பமரம்: அண்ணன் பிடிக்கிறார். பெரியம்மா மகனிடம் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று இன்று ராத்திரி கேட்கிறேன்.