டிரைவ் பெடலை மிதித்தால் பேஸ் காணாமல் போகிறது, உதவுங்கள்

அடிக்கம்பி:
நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். போன மாதம் செகண்ட் ஹேண்டில் டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடல் ஒன்று வாங்கினேன், ஒலியைக் கரகரப்பாக்கும் டிரைவ் பெடல். வீட்டில் தனியாக வாசித்தால் அருமையான உறுமல். ஒத்திகையில் மிதித்தால் பேஸே இல்லை. டிரம்மர் திரும்பி, "வயர் கழண்டுருச்சா?" என்கிறார். பேட்டரி, கேபிள் எல்லாம் மாற்றிவிட்டேன். பெடல் பழுதா?

ஆறு ஸ்ட்ரிங்:
ஆம்பில் பேஸ் நாபை ஏற்றிப் பாருங்க ப்ரோ.

அடிக்கம்பி:
ஏற்றினேன். பெடலை அணைத்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

சாலிடர் புகை:
பழுது இல்லை, அதன் பிறவிக்குணம். அந்த சர்க்யூட்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக இருக்கும். இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் கோடு போடுகின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறையும். கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், உங்களுடையது 41. அடி ஒலியைப் பெடல் வெட்டி எறிவதில்லை. வந்த அளவிலேயே விட்டுவிடுகிறது. கரகரப்பைக் கூட்டும் டிரைவ் நாபை முழுக்கக் குறைத்தாலும் மேல் ஒலி 12 மடங்கு வரை பெருகுகிறது. பெடல் போட்டாலும் அணைத்தாலும் சத்தம் ஒன்றாக இருக்க லெவல் நாபைக் குறைக்கிறீர்கள், அதோடு அடி ஒலியும் குறைந்து புதைந்துபோகிறது. வீட்டில் டிரம்ஸும் கிட்டாரும் இல்லாததால் தெரியவில்லை.

மூடியைத் திறந்து, 473 என்று அச்சடித்த கெப்பாசிட்டரைத் தேடுங்கள், அதுதான் அந்த 0.047. அதை எடுத்துவிட்டு 224 போட்டால், அதாவது 0.22, கோடு 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆசைப்பட்டு 0.22-க்கு மேல் பெரிதாகப் போடாதீர்கள், ஒலி கூழாகிவிடும். உள்ளே கடுகு அளவு பாகங்கள் என்றால் கைவைக்க வேண்டாம்.

பேஸ்காரர்:
எனக்குப் பிடித்த வழி வேறு. பிளெண்ட் பெடல் ஒன்று வாங்கி, சுத்தமான ஒலியைத் தனியாக ஓடவிட்டு டிரைவை மேலே கலப்பேன். அடி அசையாது. பாஸ் (Boss) கம்பெனியின் ஓடிபி-3 மாதிரி பேஸுக்கென்றே வந்த பெடல்களில் இதற்கு பேலன்ஸ் நாபே உண்டு. ஒரு எச்சரிக்கை: சில ஃபஸ் பெடல்கள் (இன்னும் கடுமையான கரகரப்பு தருபவை) அலையைத் தலைகீழாக்கும். கலந்ததும் ஒலி இன்னும் மெலிந்தால் பிளெண்ட் பெடலில் அலையைத் திருப்பிவிடும் ஃபேஸ் சுவிட்சைத் தட்டுங்கள்.

அடிக்கம்பி:
224 போட்டாயிற்று அண்ணா! டிரைவ் நாபின் முள்ளை கடிகாரத்தின் ஒன்பது மணி வாக்கில் வைத்தால் அடி நிற்கிறது. ஆனால் பாட்டுக்கு நடுவே தனியாக வாசிக்கும் இடத்தில் பழைய மூக்கொலிதான் நன்றாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா?

சாலிடர் புகை:
முடியும் தம்பி. 473-ஐ மறுபடி அதன் இடத்திலேயே போடுங்கள். அதற்கு இணையாக 184 ஒன்றைச் சின்ன சுவிட்ச் வழியாகச் சேருங்கள். இணையாக வைத்தால் மதிப்பு கூடும்: 0.047, 0.18, மொத்தம் 0.227. சுவிட்சைத் தட்டும்போது டப்பென்று சத்தம் வரலாம், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே தட்டிவிடுங்கள்.